பாபி பிளாண்ட் தொகுப்பில் எல்லாப் பாட்டும் ஒன்றுபோலக் கேட்பது ஏன்?

கேள்வி இதுதான்: பாபி ‘ப்ளூ’ பிளாண்டின் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் தொகுப்பு ஒன்றைப் போட்டால் நாலைந்து பாட்டுக்குப் பிறகு எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. ப்ளூஸ் என்கிறார்கள், ஆனால் கிடார் முன்னால் வரவே இல்லை. எந்தத் தொகுப்பை எடுப்பது, எங்கிருந்து தொடங்குவது, எதைக் கவனிப்பது?

கிடார் முன்னால் வராதது உங்கள் காதின் குறையில்லை. அமெரிக்க ப்ளூஸ் பாடகரான பிளாண்ட் கிடார் வாசித்தவரல்ல. எந்தக் கருவியும் இல்லாமல் மைக்கின் முன் நின்று பாடியவர். ப்ளூஸ் என்றதும் கிடார் வாசித்தபடி பாடிய பி.பி. கிங்கை நினைத்துக்கொண்டு, குரலுக்குப் பதில் சொல்லும் கிடாரைத் தேடினால் இங்கே ஏமாற்றம்தான் மிஞ்சும். இங்கே பெரும்பாலும் பதில் சொல்வது டிரம்பெட், டிராம்போன், சாக்ஸஃபோன் சேர்ந்த ஹார்ன் குழு. அந்தக் குழுவுக்கு எழுதிக்கொடுத்தவர் ஜோ ஸ்காட் என்ற டிரம்பெட் கலைஞர். 1950களின் பிற்பகுதியிலிருந்து 1960களின் பிற்பகுதி வரை வந்த பிளாண்ட் பாட்டுகளை இருவர் சேர்ந்து செய்த வேலையாகவே கேட்க வேண்டும். குரல் எங்கே நிற்கிறது, ஸ்காட் எங்கே நுழைகிறார் என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கினால் ‘எல்லாம் ஒன்று’ என்ற எண்ணம் போய்விடும்.

ஆனால் அதற்கு முன், உங்கள் கையில் இருக்கும் தொகுப்பு எது என்று பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேதான்.

பிளாண்டின் பதிவுகள் நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. 1951–52இல் மெம்ஃபிஸில் செஸ், மாடர்ன் நிறுவனங்களுக்காகப் பாடிய சில பாட்டுகள் முதல் தொகுதி. அப்போது அவருக்கு வயது 21, 22. குரல் இன்னும் கனியவில்லை. பிறகு டியூக் ரெக்கார்ட்ஸ். 1952இல் மெம்ஃபிஸில் தொடங்கிய இந்த நிறுவனத்தை ஹூஸ்டனைச் சேர்ந்த டான் ரோபி சீக்கிரமே தன் கைக்குக் கொண்டுவந்துவிட்டார். ராணுவத்துக்குப் போய்த் திரும்பிய பிளாண்ட், 1955 முதல் அங்கே முழுமூச்சாகப் பாடினார். 1973இல் ரோபி நிறுவனத்தை ஏபிசிக்கு விற்றார்; பிளாண்டும் அதோடு போய், லாஸ் ஏஞ்சலிஸில் ஏபிசி-டன்ஹில் முத்திரையில் பாடினார். 1979இல் ஏபிசியை எம்சிஏ வாங்கியது. கடைசியாக, 1985 முதல் மிஸிஸிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரின் மலாகோ நிறுவனம்.

இந்த வரலாறு தேவைப்படுவது ஒரு நடைமுறைக் காரணத்துக்காக. டியூக், ஏபிசி, எம்சிஏ மூன்றும் இன்று யுனிவர்சல் என்ற பெரிய இசை நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. மலாகோ வேறு வீடு. அதனால் எம்சிஏ வெளியிட்ட தொகுப்பில் 1985இன் ‘மெம்பர்ஸ் ஒன்லி’ இருக்காது. மலாகோ தொகுப்பில் பழைய ஹிட்டுகளின் மூலப்பதிவு இருக்காது; அந்தப் பெயர்கள் தென்பட்டால் அவை பெரும்பாலும் மேடைப்பதிவாகவோ மறுபதிவாகவோ இருக்கும். 1957இல் ஹிட்டான பாட்டில் சிந்தசைசர் கேட்டால், கைதட்டல் கேட்டால், பாட்டு நான்கு நிமிடத்தைத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். டியூக் சிங்கிள்கள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட சிறு தட்டுகள்) பெரும்பாலும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

மலிவான ஐரோப்பியத் தொகுப்புகளில் வேறொரு சிக்கல். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவு உரிமை முன்பு 50 ஆண்டுகள்தான். 2013இல் அதை 70 ஆக்கியபோது, ஏற்கெனவே காலாவதியானவற்றுக்கு உயிர் கொடுக்கவில்லை. ஆகவே 1962 வரை வெளியானவை அங்கே பொதுவுடைமை. யார் வேண்டுமானாலும் தொகுப்பு போடலாம். அப்படி வந்தவை எல்லாம் 1962இல் கத்தரித்தாற்போல் நின்றுவிடும். 1964இன் ‘ஐன்ட் நத்திங் யூ கேன் டூ’, 1974இன் ‘ஐன்ட் நோ லவ் இன் த ஹார்ட் ஆஃப் த சிட்டி’ இரண்டும் அவற்றில் கிடையாது. போதாக்குறைக்குக் கால வரிசை என்று 1951இலிருந்து ஆரம்பிப்பார்கள். முதல் பத்துப் பன்னிரண்டு பாட்டும் பிளாண்ட் இன்னும் பிளாண்டாக ஆகாத காலத்துப் பாட்டு. கேட்பவர் அங்கேயே சலித்துப்போவதில் வியப்பில்லை. உங்களுடையது அந்த வகை என்றால், 1957க்கு முந்தையதைத் தாண்டிப் போங்கள்.

எதை வாங்குவது என்றால்: 1998இல் எம்சிஏ இரண்டு சிடிக்களைத் தனித்தனியாக வெளியிட்டது. கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் முதல் தொகுதியில் டியூக் பதிவுகள், இரண்டாவதில் ஏபிசி-டன்ஹில், எம்சிஏ பதிவுகள். ஒன்றே போதும் என்பவர் முதல் தொகுதியை எடுக்கலாம். இரண்டு காலத்தையும் ஒரே பெட்டியில் கேட்க 2001இல் வந்த ‘தி ஆந்தாலஜி’ என்ற இரட்டை சிடி நல்லது. ஸ்ட்ரீமிங்கில் தேடும்போது ‘பாபி பிளாண்ட்’, ‘பாபி ப்ளூ பிளாண்ட்’ என்று இரண்டு பெயரிலும் தேடுங்கள். பழைய தட்டுகளிலேயே இரண்டு விதமாகவும் அச்சிட்டிருக்கிறார்கள். ஆல்பத்தின் அடியில் இருக்கும் உரிமை வரியையும் பாருங்கள். யுனிவர்சல் அல்லது ஜெஃபன் பெயர் இருந்தால் மூல டேப் வைத்திருக்கும் வீட்டிலிருந்து வந்தது என்று நம்பலாம்.

அடுத்தது ஒலி. டியூக் ஹிட்டுகள் மோனோவில், அதாவது இரண்டு காதுக்கும் ஒரே ஒலியாகக் கேட்கவேண்டியவை. ஜூக்பாக்ஸுக்கும் ஏஎம் வானொலிக்கும் கலந்த ஒலி அது. 1960களில் பல நிறுவனங்கள் மோனோ பதிவைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கின: அடித்தொனியை ஒரு பக்கமும் உச்சத்தொனியை மறுபக்கமும் தள்ளி, கொஞ்சம் எதிரொலி கலந்துவிடுவார்கள். அப்படிச் செய்த தட்டிலிருந்து எடுத்த கோப்பு இன்றும் உலவுகிறது. கண்டுபிடிக்க ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். நல்ல மோனோவில் குரல் மண்டைக்கு நடுவில், ஆணி அடித்தாற்போல் நிற்கும். போலி ஸ்டீரியோவில் பரவி மிதக்கும்; ஒரு காதில் மந்தமாகவும் மறு காதில் கீச்சென்றும் இருக்கும். போனின் அணுகல்தன்மை அமைப்புகளில் மோனோ ஆடியோ என்ற வசதி ஐஃபோனிலும் ஆண்ட்ராய்டிலும் உண்டு. அதை இயக்கியதும் ஒலி குழாய்க்குள் இருந்து வருவதுபோல் மாறினால், பதிவு கெட்டுப்போனது. வேறு தொகுப்பு தேடுங்கள்.

ஸ்பேஷியல் ஆடியோ, டால்பி, பேஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஸ்பாட்டிஃபையில் ஒலி அளவு ‘லவுட்’ என்று வைத்தால் ஒரு லிமிட்டர் புகுந்து உச்சங்களை நசுக்கிவிடும்; ‘நார்மல்’ போதும். இது பிளாண்டுக்கு ஏன் முக்கியம் என்றால், அவர் ஒரே பாட்டுக்குள் காதோடு பேசுவதிலிருந்து முழுக்குரல் வரை போகிறவர். ‘ஐ பிட்டி த ஃபூல்’ பாட்டின் இரண்டாம் பாதியில் குரல் வெடிக்கும் இடத்தை முதலில் போட்டு, அது சற்று உரக்க ஆனால் உறுத்தாமல் கேட்கும் அளவில் வால்யூமை நிறுத்துங்கள். பிறகு தொடக்கத்துக்கு வாருங்கள். தொடக்கத்தை வைத்து அளவு பார்த்தால் நடுவில் குறைக்க வேண்டிவரும்; குறைத்தால் அடுத்த பாட்டின் மென்மையான முதல் வரி காதில் விழாது.

பழைய தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மோனோ தட்டைச் சாதாரண ஸ்டீரியோ முள்ளில் போடலாம், கெடுதல் இல்லை. ஆனால் ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். மோனோ ஒலி பள்ளத்தில் பக்கவாட்டில் மட்டுமே பதிந்திருக்கும். மேலும்கீழுமான அசைவிலிருந்து வருவதெல்லாம் தூசியும் தேய்மானமும்தான். இரண்டு சேனலையும் சேர்த்தால் அந்தப் பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பொரிகிற சத்தம் சட்டென்று குறைவது தெரியும்.

இனி கேட்பது. ஒரே மூச்சில் இருபது பாட்டு வேண்டாம். இவை தனித்தனியாக, வாரக்கணக்கில் இடைவெளி விட்டு வானொலியில் ஒலிக்கச் செய்யப்பட்டவை. ஒவ்வொன்றும் முதல் பத்து நொடியில் பிடித்து, மூன்று நிமிடத்தில் உச்சம் தொட்டு முடியும். இருபது உச்சத்தை அடுக்கினால் உச்சமே இல்லாமல் போகும். ஷஃபிளையும் அணையுங்கள், 1957க்குப் பக்கத்தில் 1974 வந்தால் இரண்டும் கெடும். ஒரு அமர்வுக்கு ஐந்தாறு பாட்டு, ஆண்டு வரிசையில்.

முதலில் 1957இன் ‘ஃபார்தர் அப் த ரோட்’. ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ், கறுப்பின மக்களின் இசை) பட்டியலில் அவருக்கு முதலிடம் தந்த முதல் பாட்டு. பிற்பாடு கிடார் கலைஞர் எரிக் கிளாப்டன் மேடைகளில் விடாமல் வாசித்ததும் இதுதான். இது அசல் பன்னிரண்டு பார் ப்ளூஸ். (பார் என்பது தாளத்தின் ஒரு கூறு.) பாருக்கு நான்கு தட்டு, ஆக 48 தட்டில் ஒரு சுற்று முடியும். விரல் விட்டு எண்ணுங்கள். நடை ஷஃபிள்: ஒவ்வொரு தட்டையும் திஸ்ரமாக ‘தகிட’ என்று மூன்றாக்கி, நடுவில் உள்ள ‘கி’யை விழுங்கிவிட்டால் வருவது அதுதான். ஒரு சுற்றுக்கு மூன்று வரி, வரிக்கு நான்கு பார். பாடுகிறவர் ஏறத்தாழ இரண்டு பாரில் சொல்லி முடித்துவிடுவார். மீதி இரண்டு பார் காலி. அந்தக் காலி இடத்தை யார் நிரப்புகிறார்கள்? பிளாண்டின் தொகுப்பு முழுவதையும் திறக்கும் சாவி இந்தக் கேள்விதான். இந்தப் பாட்டில் நிரப்புவது பாட் ஹேரின் முரட்டுக் கிடார்.

அடுத்து 1958இன் ‘லிட்டில் பாய் ப்ளூ’. முந்தைய பாட்டில் இல்லாத ஒன்று இதில் குரலுக்குள் வந்திருக்கும்: வரியின் முடிவில் தொண்டையைக் கரகரக்கவிட்டு, கொப்புளிப்பதுபோல் எழும் ஒரு பிளிறல். அவரே சொன்ன தகவல்படி இதைக் கற்றது ஒரு பிரசங்கத்திலிருந்து. டெட்ராய்ட் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் சர்ச்சின் போதகர் சி.எல். ஃபிராங்க்ளின், அதாவது பாடகி அரீதா ஃபிராங்க்ளினின் தந்தை, கழுகு தன் கூட்டைக் கலைப்பது பற்றிச் செய்த பிரசங்கம் தட்டாக வந்திருந்தது. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பிடித்தார். ப்ளூஸ் பாடகர் சோல் (சர்ச் பாட்டின் உணர்ச்சி கலந்த இசை) பாடகராக மாறும் இடத்தைக் காதால் தொட்டுப் பார்க்க வேண்டுமா, இந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். பிற்காலத்தில் அந்தப் பிளிறலே அவருடைய முத்திரையானது. கொஞ்சம் அதிகமாகவும் பயன்படுத்தினார் என்பது என் கருத்து. 1980களின் பதிவுகளில் உணர்ச்சி வருமுன் பிளிறல் வந்து நிற்கும்.

1959இன் ‘ஐல் டேக் கேர் ஆஃப் யூ’ புரூக் பென்டன் எழுதியது. மெதுவான, மைனர் என்ற சோகச் சாயல் கொண்ட சுரவரிசையில் அமைந்த பாட்டு. ஆர்கன் தரையில் பாய் விரித்தாற்போல் கிடக்க, குரல் அதன்மேல் நடக்கும். பிளிறலைத் தேடாதீர்கள். சொல்லின் கடைசி எழுத்தை அவர் எப்படி விடுகிறார் என்று பாருங்கள்; இழுப்பதில்லை, மெல்லக் கீழே வைத்துவிடுகிறார். நாட் கிங் கோல், பெர்ரி கோமோ போன்ற மென்குரல் பாடகர்களைக் கேட்டு வளர்ந்ததன் பலன் இது. காந்தாரத்தையும் கவனியுங்கள். ப்ளூஸ் பாடகர்கள் தொடும் காந்தாரம், சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில் ஊசலாடும். கீழிருந்து வழுக்கி ஏறி, மேலதை எட்டாமலே நின்றுவிடும். பியானோவில் அந்தச் சுரத்துக்குக் கட்டை கிடையாது. பிளாண்டிடம் அது மற்றவர்களைவிட நிதானமாக நிகழ்வதால் பிடிப்பது எளிது.

1961 அவருடைய பொன்னான ஆண்டு. ‘டூ ஸ்டெப்ஸ் ஃப்ரம் த ப்ளூஸ்’ ஆல்பம் அப்போதுதான் வந்தது. பன்னிரண்டு பாட்டு, 1957 முதல் பதிவான சிங்கிள்கள் பலவற்றைச் சேர்த்ததால் அதுவே ஒரு ஹிட்ஸ் தொகுப்பு மாதிரிதான். (கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் சலித்தால் நேராக இதற்குப் போகலாம், ஓட்டம் இதில் மேல்.) அதே ஆண்டு ‘ஐ பிட்டி த ஃபூல்’ ஆர் அண்ட் பி முதலிடம் பிடித்தது. இதில் காலி இடங்களை நிரப்புவது யார் என்று கேளுங்கள்: ஸ்காட்டின் ஹார்ன்கள். முதலில் தூரத்தில் ஒற்றைச் சொல்லாகப் பதில், பிறகு இரண்டாகச் சேர்ந்து, கடைசியில் குரலின் முதுகில் கை வைத்துத் தள்ளும். ஒருமுறை குரலை முழுதாக விட்டுவிட்டு ஹார்ன்களை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். எழுதியவர் பெயர் ‘டெட்ரிக் மலோன்’ என்றிருக்கும். அது டான் ரோபியின் புனைபெயர். மற்றவர்கள் எழுதியதை விலைக்கு வாங்கி அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். ஆகவே தொகுப்பின் பின்னட்டையில் பாதிப் பாட்டுக்கு அந்தப் பெயர் இருப்பதைக் கண்டு இவர் பெரிய கவிஞர் என்று நினைத்துவிட வேண்டாம்.

‘டர்ன் ஆன் யுவர் லவ் லைட்’ அந்த ஆண்டின் கடைசியில் வந்தது. பலருக்கு இது கிரேட்ஃபுல் டெட் குழுவின் மூலம்தான் தெரியும். அவர்கள் 1969இன் மேடைப்பதிவில் இதைக் கால் மணி நேரத்துக்கு நீட்டினார்கள். மூலம் மூன்று நிமிடத்துக்குள் முடிகிறது. நடுவில் குழு முழுதும் விலகி டிரம்ஸும் குரலும் மட்டும் நிற்கும் ஓர் இடம் உண்டு. வாசிப்பவர் ஜான் ‘ஜாபோ’ ஸ்டார்க்ஸ். பின்னாளில் ஜேம்ஸ் பிரவுனிடம் போய் ஃபங்க் இசையின் தாளத்தைக் கட்டியவர்களில் ஒருவர். ஹார்ன்கள் திரும்பி வரும் நொடிக்காகத்தான் அந்த வெறுமை. மலிவான தொகுப்பில் இரைச்சல் நீக்கி வடிகட்டியிருந்தால் சிம்பலின் சிணுங்கல் செத்திருக்கும்; தொகுப்பைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

இப்போது ‘ஸ்டார்மி மண்டே ப்ளூஸ்’, 1962. கிடார் எங்கே என்று கேட்டீர்களே, இதோ. ப்ளூஸ் கிடார் கலைஞர் டி-போன் வாக்கர் 1947இல் பாடிய பாட்டுதான். அதற்கு முன் 1942இல் ஏர்ல் ஹைன்ஸ் குழு வெளியிட்ட ‘ஸ்டார்மி மண்டே ப்ளூஸ்’ வேறு பாட்டு, பெயர் குழப்பத்தில் தேடலில் அது வந்து விழும். இங்கே ஹார்ன் குழு ஒதுங்கிக்கொள்ள, வெய்ன் பென்னட்டின் கிடார் தனியாகப் பதில் சொல்கிறது. 7ஆவது பாரிலிருந்து காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சாதாரண ப்ளூஸ் அங்கே அடிப்படை கார்டிலேயே (கார்டு என்பது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) உட்கார்ந்திருக்கும். பென்னட் நகர்கிறார்: கார்டின் ஆதாரம் ச, ரி, அந்தர காந்தாரம் என்று படியேறி, சாதாரண காந்தாரத்துக்கு அரைச்சுரம் சறுக்கி, 9ஆவது பாரில் மீண்டும் ரியில் வந்து இறங்குகிறது. ஜாஸ்காரர்களின் உத்தி, ஆனால் ப்ளூஸின் சோம்பலான நடையில். ஆல்மன் பிரதர்ஸ் என்ற ராக் குழு 1971இன் ஃபில்மோர் ஈஸ்ட் மேடைப்பதிவில் வாசித்தது இந்தப் பாதையை ஒட்டித்தான். கிடார் கற்பவர்கள் வாக்கரின் பாட்டு என்று இதைப் பழகிவிட்டு, வாக்கரின் பதிவில் அந்த கார்டுகளைக் காணோமே என்று திகைப்பது அடிக்கடி நடக்கிறது.

1963, 64 பாட்டுகளை விரைவாகக் கடக்கலாம். ‘கால் ஆன் மீ’ லத்தீன் தாளச் சாயலோடு ஆடும். ‘ஐன்ட் நத்திங் யூ கேன் டூ’ பாப் பட்டியலில் 20ஆம் இடம் தொட்டது, அவர் அங்கே எட்டிய உச்சமே அதுதான். ஆர் அண்ட் பி பட்டியலில் அறுபதுக்கு மேற்பட்ட பாட்டுகளைக் கொண்டவர் வெள்ளையர் வானொலிக்கு ஏறக்குறைய அந்நியராகவே இருந்தார். ‘ஷேர் யுவர் லவ் வித் மீ’யை மட்டும் நின்று கேளுங்கள். 1969இல் அரீதா அதைப் பாடி கிராமி வாங்கினார். தந்தையிடம் பிளாண்ட் கடன்வாங்கியது மகளிடம் வட்டியோடு போய்ச் சேர்ந்தது.

1968 வாக்கில் குழு கலைந்தது, ஸ்காட்டும் விலகினார். தொகுப்பில் அதற்குப் பின் வரும் பாட்டு வேறு உலகம். 1974இன் ‘ஐன்ட் நோ லவ் இன் த ஹார்ட் ஆஃப் த சிட்டி’ லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டூடியோவில், ஸ்டீவ் பாரி தயாரிப்பில் வந்தது. இது உண்மையான ஸ்டீரியோ, பல தடங்களில் பதிந்தது. பேஸ் கிடார் முன்னுக்கு வந்திருக்கும், குரல் சற்று உள்ளே போயிருக்கும். போனில் மோனோவை இயக்கியிருந்தால் இங்கே மறக்காமல் அணையுங்கள். 44 வயதுக் குரல், கத்துவதை விட்டுவிட்டது. ராப் பாடகர் ஜே-ஸீ 2001இல் ‘த புளூபிரிண்ட்’ ஆல்பத்தில் இதைத்தான் எடுத்தாண்டார்; தயாரித்தவர் கான்யே வெஸ்ட். ராப் வழியே பிளாண்டிடம் வருகிறவர்கள் இங்கிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகலாம், தவறில்லை. ஆனால் உடனே 1957க்குத் தாவினால் ஒலி மெலிந்ததுபோல் தோன்றும். நடுவில் ‘ஐல் டேக் கேர் ஆஃப் யூ’வை வைத்தால் காது பழகிக்கொள்ளும்.

‘மெம்பர்ஸ் ஒன்லி’ வேண்டுமென்றால் தனியாக மலாகோவிடமிருந்து எடுங்கள். 1951–52 பதிவுகளை எல்லாம் முடிந்த பின் கடைசியாகப் போடுங்கள். பின்னால் வரப்போகும் குரல் தெரிந்த பிறகு கேட்டால், அந்த இளைஞன் யார் யாரைப்போலப் பாட முயல்கிறான் என்பது விளங்கும். முதலில் கேட்டால் அது வெறும் சுமாரான ப்ளூஸ்.